மூன்று ஆஃபர், மூன்று நாடு: பெட்டி கட்டும் நாளிலிருந்து போட்ட கணக்கு

2016 பிப்ரவரியில், துபாய் அல் நஹ்தாவில் நாங்கள் இருந்த வீட்டு ஃபிரிட்ஜை 150 திர்ஹாமுக்குக் கொடுத்தேன். வாங்கியது 1,400-க்கு. எடுத்துப்போக வந்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்த இட்லி மாவு டப்பாவை எடுத்து என் மனைவியிடம் நீட்டினார். அடுத்த பத்து நாளில் சோபா, கட்டில், பையனின் சைக்கிள் எல்லாம் போயின. ஐந்து வருடம் முன்பு அந்த வேலையை ஒத்துக்கொண்டபோது சம்பளம், வாடகை, ஸ்கூல் ஃபீஸ் என்று எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்குப் போட்டிருந்தேன். கிளம்பும் நாளுக்கு மட்டும் போடவில்லை.

போன மாதம் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, தனக்கு வந்த மூன்று வேலை ஆஃபர்களை வாட்ஸ்அப்பில் பிடிஎஃபாக அனுப்பினார். "மச்சான், நீங்க ரெண்டு ஊரையும் பார்த்துட்டு வந்தவர். எதை எடுக்கலாம்னு சொல்லுங்க." துபாயில் மாதம் 18,000 திர்ஹாம். சிங்கப்பூரில் மாதம் 8,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஆண்டுக்கு 60,000 யூரோ. அவருக்கு வயது 34, ஆட்டோமேஷன் இன்ஜினியர், இப்போது அம்பத்தூரில் வேலை. தங்கை எட்டு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறாள். நாலு வயதில் ஒரு மகள். கும்பகோணத்தில் மாப்பிள்ளையின் அம்மா, 68 வயது, தனியாக இருக்கிறார். முகலிவாக்கத்தில் ஒரு ஃபிளாட், அதற்கு மாதம் 31,000 ரூபாய் தவணை.

துபாயில் ஐந்து வருடமும் சிங்கப்பூரில் நாலு வருடமும் குப்பை கொட்டியவன் நான். ஜெர்மனியில் இருந்ததில்லை. கல்லூரி நண்பன் ஒருவன் அங்கே குடும்பத்தோடு ஒன்பது வருடமாக இருக்கிறான். அவன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருக்கிறேன், இந்த விஷயத்துக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனைப் போனை வைக்க விடாமல் பிடித்துவைத்தேன். மாப்பிள்ளைக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தொகைகளும் விதிகளும் 2025 நிலவரம். விசா விதி வருடா வருடம் மாறும், கையெழுத்துப் போடும் முன் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் மிஞ்சுவது

ரூபாயில் மாற்றினால் மூன்று சம்பளமும் நாலு லட்சத்துக்கும் ஆறு லட்சத்துக்கும் நடுவில் வருகின்றன, சிங்கப்பூர் கொஞ்சம் மேலே. ரூபாயில் மாற்றிப் பார்ப்பது மனதுக்கு இனிக்கும், அவ்வளவுதான். செலவு அந்த ஊர்க் காசில் நடக்கும்.

துபாயில் தனிநபர் வருமான வரி கிடையாது. 18,000 என்றால் 18,000 வங்கியில் விழும். அல் நஹ்தா, கிஸைஸ் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு மாதம் 5,500 என்று வைத்தால், கரண்ட், தண்ணீர், அதே பில்லில் சேர்ந்து வரும் 5 சதவீத வீட்டு வரி எல்லாம் சேர்த்து 800. சிபிஎஸ்இ பள்ளியும் பஸ்ஸும் 1,500. கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியும், ஆனால் ஆறாவது மாதம் எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். தவணை, பெட்ரோல், டோல் சேர்த்து 1,800. சாப்பாடும் மற்றதும் 3,000. மிஞ்சுவது ஐயாயிரத்துச் சொச்சம் திர்ஹாம்.

ஆனால் வீட்டுக்குள் நுழையவே ஒரு பெருந்தொகை வேண்டும். அங்கே வாடகையை மாதாமாதம் கொடுப்பதில்லை. வருட வாடகையை இரண்டு, நாலு என்று முன்தேதியிட்ட காசோலைகளாக எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். 66,000 வருட வாடகைக்கு நாலு செக் என்றால் முதல் செக் 16,500. அட்வான்ஸ் 5 சதவீதம், ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதம், மின்வாரியமான தேவாவுக்கு 2,000 டெபாசிட். முதல் சம்பளம் வரும் முன்பே 25,000 திர்ஹாம் போய்விடும். கம்பெனி முன்பணம் தருமா என்று ஆஃபர் பேசும்போதே கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டால் மனிதவளத்துறையில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் வரி உண்டு, ஆனால் லேசு. 8,500 வெள்ளிக்கு, மனைவி, பிள்ளைக்கான கழிவுகள் போக, மாதக் கணக்கில் சுமார் 400 வெள்ளி. சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். அடுத்த வருடம் பில் வரும், அதனால் முதல் வருடம் எல்லோரும் பணக்காரராக உணர்வார்கள். மத்திய சேமநிதியான சிபிஎஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், வெளிநாட்டு வல்லுநருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்குப் பிடித்தமும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை. அரசு வீட்டுவசதி வாரியமான எச்டிபி கட்டிய மூன்று அறை அடுக்குமாடி வீடு (அவர்கள் கணக்கில் ஹாலையும் ஒரு அறையாகச் சேர்ப்பார்கள்) 3,200. குழந்தைக் காப்பகம் 1,300, வெளிநாட்டவருக்கு அரசு மானியம் கிடையாது. கரண்ட், போன் 250. சாப்பாடு, ரயில், மற்றது 1,400. மிஞ்சுவது 1,900 வெள்ளிக்குப் பக்கம்.

ஜெர்மனியில்தான் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் நெஞ்சு அடைக்கும். 5,000 யூரோவில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவத்துக்கு எட்டரை அளவில், முதியோர் பராமரிப்புக் காப்பீடு தனி, அதற்கு மேல் வருமான வரி. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்குச் சாதகமான மூன்றாம் வரி வகுப்பில் போட்டாலும் கைக்கு வருவது 3,500 சுமார். தனி ஆளாக இருந்தால் 3,100 அளவு. இதோடு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ (2025 கணக்கு) அரசு தரும். வெந்நீர், ஹீட்டிங் சேர்ந்த வாடகை 1,500, கரண்ட், இன்டர்நெட் 150, மழலையர் பள்ளி 250 (பெர்லின் மாதிரி சில இடங்களில் இலவசம்), சாப்பாடு 600, இருவருக்கும் ஆளுக்கு 58 யூரோ (2025 விலை) மாத ரயில் பாஸ், சில்லறைச் செலவு 250. மிஞ்சுவது 900 யூரோ.

இப்போது மூன்றையும் ரூபாயில் மாற்றுங்கள். துபாய் ஒன்றே கால் லட்சம், சிங்கப்பூர் ஒன்றே கால் லட்சத்துக்கும் சற்று மேல், ஜெர்மனி தொண்ணூறாயிரம். அவ்வளவு பெரிய சம்பள வித்தியாசம் கடைசியில் முப்பது, நாற்பதாயிரம் ரூபாயாகச் சுருங்கிவிட்டது. முகலிவாக்கம் தவணையை மூன்று ஊரிலிருந்தும் கட்டலாம். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எதுக்கு மச்சான் இவ்ளோ யோசிக்கிறோம்" என்றார். யோசிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

வேலை போனால்

என் கதையையே சொல்கிறேன். துபாயில் 2016 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம் கூப்பிட்டார்கள். புராஜெக்ட் நின்றுவிட்டது, பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன். விசா ரத்தானதும் நாட்டை விட்டுக் கிளம்ப அப்போது 30 நாள். பையன் யூகேஜி, பள்ளி மார்ச் கடைசியில்தான் முடியும். கொடுத்து வைத்திருந்த வாடகைச் செக்கில் ஒன்று பிப்ரவரி தேதியிட்டது. அந்தக் காலத்தில் செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்கு, விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்காரரிடம் போய் இரண்டு மாத வாடகையை அபராதமாகக் கொடுத்து செக்கைத் திரும்ப வாங்கினேன்.

பணிக்கொடை வரும் என்ற தைரியம் இருந்தது. சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். என் சம்பளம் 12,000, அதனால் ஒரு நாளைக்கு 400, நூற்றைந்து நாளுக்கு 42,000 என்று பல வருடமாக மனதில் வைத்திருந்தேன். வந்தது 16,800. பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான், என் ஒப்பந்தத்தில் அடிப்படை 4,800. மீதியெல்லாம் வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்து எழுதியிருந்தார்கள். சட்டப்படி அதில் தப்பே இல்லை. நான் படிக்காததுதான் தப்பு. மாப்பிள்ளையின் துபாய் ஆஃபரில் முதலில் தேடியது அந்த வரியைத்தான்: 18,000-இல் அடிப்படை 7,200. "இதை 60 சதவீதம் ஆக்கச் சொல்லுங்க, மொத்தத்தைக் கூட்டாட்டியும் பரவாயில்லை" என்றேன்.

நியாயமாகச் சொன்னால் இப்போது அங்கே நிலைமை முன்பைவிட மேல். 2022-இல் வந்த மாற்றங்களில் விசா வகையைப் பொறுத்து அவகாசத்தை நீட்டினார்கள், பணம் இல்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் சிவில் விவகாரமாகிவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். மாதம் 5 அல்லது 10 திர்ஹாம் கட்டினால், பன்னிரண்டு மாதம் கட்டிய பிறகு, அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும். இங்கேயும் அடிப்படைச் சம்பளம்தான், கவனியுங்கள். இத்தனைக்குப் பிறகும் மூலக்கணக்கு மாறவில்லை: பத்து, இருபது வருடம் இருந்தாலும் வேலை இருக்கும்வரைதான் விசா. முதலாளியை நம்பாமல் நீண்டகாலம் தங்க கோல்டன் விசா என்று ஒன்று 2019-இலிருந்து இருக்கிறது; சம்பளவழியில் வாங்க மாதம் 30,000 திர்ஹாம் வேண்டும். குடியுரிமை நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் நான் கிளம்பியது என் விருப்பத்தில், 2021-இல். அதிலும் ஒரு பாடம் இருந்தது. வெளிநாட்டவர் வேலையை விட்டால், வரித்துறை கணக்கை முடிக்கும்வரை கம்பெனி கடைசிச் சம்பளத்தைப் பிடித்துவைக்க வேண்டும். ஐஆர்21 என்று அந்தப் படிவத்துக்குப் பெயர். என் கடைசிச் சம்பளமும் போனஸும் அதில் மாட்டிக்கொண்டன, நான் டிக்கெட்டைக் கடன் அட்டையில் எடுத்தேன். பணம் ஒழுங்காக வந்துசேர்ந்தது. ஆனால் அந்த மாதம் கையில் பணம் இல்லாமல் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாஸ் ரத்தானால் சாதாரணமாக 30 நாள் தங்கலாம். பணிக்கொடை இல்லை, சிபிஎஃப் இல்லை. நீங்களாகச் சேர்த்ததுதான் சேமிப்பு.

சிங்கப்பூரில் இன்னொரு சங்கதி, பலர் ஊன்றிப் பார்ப்பதில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி என்று விளம்பரத்தில் இருக்கும். அது 23 வயதுப் பையனுக்கு. வயது ஏற ஏற அந்த எல்லையும் ஏறி, 45-இல் 10,700 ஆகிறது. 34 வயதுக்கு எட்டாயிரத்துக்கும் சற்று மேல் வருகிறது. மாப்பிள்ளைக்கு அவர்கள் முதலில் சொன்னது 7,500. கம்பெனியின் மனிதவளத்துறை கணக்குப் பார்த்துவிட்டுத்தான் 8,500 ஆக்கியது. முதல் பாஸ் இரண்டு வருடம். 36 வயதில் புதுப்பிக்கப் போகும்போது, விதி மாறாவிட்டாலும் எல்லை ஏறத்தாழ 8,600. அதாவது சம்பளம் உயராமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் பாஸ் போய்விடும். அதோடு 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறை. சம்பளம், படிப்பு, கம்பெனியில் எந்த நாட்டுக்காரர் எத்தனை பேர் என்று பார்த்து 40 புள்ளி தேற வேண்டும். உங்கள் கையில் இல்லாத விஷயம் ஒன்று அதில் இருக்கிறது: பக்கத்துச் சீட்டில் எத்தனை இந்தியர்கள் என்பது.

ஜெர்மனியில் வாங்கிய 1.3 சதவீதத்துக்கு அர்த்தம் இங்கேதான் தெரியும். பன்னிரண்டு மாதம் கட்டியிருந்தால், வேலை போனால் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம், பல மாதங்களுக்கு வரும். கொரோனா சமயத்தில் நண்பனுக்கு வேலை போனது. நான்கு மாதம் அந்தப் பணத்தில் வாடகை கட்டினான், வேறு வேலை கிடைத்தது. "ராத்திரி தூங்கினேன்டா" என்று மட்டும் சொன்னான். துபாயில் நான் தூங்காத பிப்ரவரி ஞாபகத்துக்கு வந்தது. ஓய்வூதியக் கணக்கும் ஐந்து வருடம் கட்டினால் உரிமையாகிவிடும். பிற்பாடு ஊர் திரும்பினாலும் முதுமையில் அது வரும். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

படித்த வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை அனுமதியான ப்ளூ கார்டில் போகிறவர் ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 (நடுநிலை) தேறினால் 21 மாதத்தில், ஏ1 (தொடக்க நிலை) மட்டும் என்றால் 27 மாதத்தில் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடத்தில் குடியுரிமை. மூன்று வருடத்தில் குடியுரிமை என்று யூடியூபில் இன்னும் சொல்கிறார்கள். அந்தக் குறுக்குவழியை 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொண்டாலும் இந்தியா ஒத்துக்கொள்ளாது, நம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்க வேண்டும். அதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். நண்பன் இன்னும் நிரந்தர அனுமதியோடு நிறுத்தியிருக்கிறான், அவன் அப்பாவுக்கு அந்த நீலப் பாஸ்போர்ட் முக்கியம்.

தங்கை என்ன செய்வாள்

மூன்று பிடிஎஃபிலும் அவள் பெயர் டிபென்டன்ட், அதாவது கணவரைச் சார்ந்திருப்பவர், என்ற கட்டத்தில் இருந்தது. எட்டு வருட அனுபவம் உள்ளவள். மாப்பிள்ளை அதைப் பற்றி முதல் இரண்டு போனிலும் பேசவே இல்லை. மூன்றாவதில் அவளே வாங்கிப் பேசினாள்: "அண்ணா, நான் சமைச்சுட்டு உக்காந்திருக்கவா போறேன்?"

சிங்கப்பூரில் 2021 மே மாதத்துக்கு முன்பு துணைவர் பாஸில் இருப்பவர் ஒரு எளிய ஒப்புதல் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம். இப்போது அவளுக்கும் தனியாக வேலைப் பாஸ் வேண்டும், அதே வயதுக் கணக்கு, அதே காம்பஸ். கிடைக்காது என்றில்லை, ஆனால் மாப்பிள்ளைக்கு நடந்தது இன்னொரு முறை நடக்க வேண்டும். துபாயில் கணவன் விசாவிலேயே இருந்துகொண்டு கம்பெனி மூலம் வேலை அனுமதி எடுக்கலாம், இதில் துபாய் பரவாயில்லை. ஜெர்மனியில் ப்ளூ கார்டுக்காரரின் துணைவர் இறங்கிய நாளிலிருந்து எந்த வேலைக்கும் போகலாம். விசாவுக்கு ஜெர்மன் சான்றிதழும் கேட்பதில்லை. சட்டம் கேட்காது, ஸ்டுட்கார்ட் கம்பெனிகள் கேட்கும். பெர்லினில் ஆங்கிலத்திலேயே ஓட்டும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஏராளம். கார் கம்பெனிகளின் ஊரான ஸ்டுட்கார்ட்டில் பி1, பி2 இல்லாமல் நேர்காணல் வருவதே சிரமம் என்கிறான் நண்பன். அவன் மனைவி முதல் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்து மொழி படித்து, பிறகுதான் வேலைக்குப் போனாள். அந்த ஒன்றரை வருடத்தை அவள் லேசில் மறக்கவில்லை.

ஆனால் அவள் சம்பாதிக்க ஆரம்பித்தால் முன்பு போட்ட மிச்சக் கணக்கு முழுக்கப் புரண்டுவிடும். 900 யூரோ மிச்சம் வரி வகுப்பு மாறினாலும் மூன்று மடங்காவது ஆகும்.

மகளும் மொழியும்

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. எம்ஆர்டி ரயில் நிலையப் பலகையில் தமிழ், பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ், காலையில் ஒலி 96.8 வானொலி, 1935 முதல் வரும் தமிழ் முரசு நாளிதழ். தீபாவளிக்கு அரசு விடுமுறை. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் கிடைக்கும், சிராங்கூன் சாலையில் பொங்கலுக்குக் கரும்பு கட்டி நிற்கும். என் பையன் தமிழ் எழுதக் கற்றது அங்கேதான், திருச்சியில் இல்லை. உள்ளூர் அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது தனிப் போராட்டம். கிடைக்காவிட்டால் இந்திய, பன்னாட்டுப் பள்ளிகளின் கட்டணம் மாதம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். நிரந்தரவாசி ஆனால் இது எளிதாகும். மகனாக இருந்தால் 18 வயதில் இரண்டு வருட ராணுவ சேவை அதோடு ஒட்டிக்கொண்டு வரும். நாங்கள் நிரந்தரவாசத்துக்குப் போடாததற்கு முதல் காரணம் அதுதான். தங்கைக்கு மகள், அந்தக் கேள்வி எழாது.

துபாயில் சிபிஎஸ்இ, ஊர் திரும்பினால் அதே பாடப்புத்தகம், ஏப்ரலில் அதே வகுப்பு. அரபு கூடுதலாக ஒரு பாடம். நடுவில் திரும்பும் குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது.

ஜெர்மனியில் அரசுப் பள்ளி இலவசம், பல்கலைக்கழகமும் பெரும்பாலான மாநிலங்களில் கட்டணம் இல்லாமல்தான். ஆனால் பிள்ளை ஜெர்மன் பிள்ளையாக வளரும். நண்பனின் மகள் அப்பாவிடம் தமிழில் ஆரம்பித்து ஜெர்மனில் முடிக்கிறாள். ஈழத்தமிழர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல நகரங்களில் உண்டு. ஹம் நகரத்தில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில், 2002-இல் குடமுழுக்கு கண்டது, திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். அதெல்லாம் நாம் தேடிப் போக வேண்டியவை, தானாக வாசலுக்கு வராது. மகள் பன்னிரண்டு வயதில் ஊர் திரும்ப நேர்ந்தால் அவளுக்கு ஒரு வகுப்பறையும் சரியாகப் பொருந்தாது. ஜெர்மனிக்குப் போவதென்றால் திரும்ப மாட்டோம் என்ற எண்ணத்தோடு போவது நல்லது, அல்லது அவள் மூன்றாம் வகுப்புக்குள் திரும்பிவிட வேண்டும்.

கும்பகோணத்து அம்மா

அப்பாவுக்கு முடியவில்லை என்று எனக்குத் துபாயில் செய்தி வந்தது இரவு பத்து மணிக்கு. விடியற்காலை விமானம், திருச்சியில் இறங்கி, மதியம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்தும் திருச்சிக்கு நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஃபிராங்ஃபர்ட் ரயில், சென்னைக்குப் பத்து மணி நேரம் விமானம், அங்கிருந்து கும்பகோணத்துக்கு ஆறேழு மணி நேரம் கார். டிக்கெட் உடனே கிடைத்தாலும் ஒன்றரை நாள். நண்பன் தன் அம்மாவின் காரியத்தை வீடியோவில் பார்த்தான்.

அம்மாவை அழைத்துக்கொள்ளலாமா? சிங்கப்பூரில் பெற்றோருக்கு நீண்டகாலப் பாஸ் எடுக்க மாதம் 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும், மாப்பிள்ளைக்கு அது எட்டாது. ஜெர்மனியில் 2024 மார்ச்சுக்குப் பிறகு முதல் அனுமதி பெறும் திறன் பணியாளர்கள் பெற்றோரை அழைக்கலாம் என்று வழி திறந்திருக்கிறார்கள். 68 வயதுக்காரருக்கு மருத்துவக் காப்பீடு பிடிப்பதில்தான் அந்த வழி முட்டுகிறது. நடைமுறையில் மூன்று ஊருக்கும் வருகை விசாதான். துபாய் வெயிலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே கால் வைக்க முடியாது, ஜெர்மன் குளிரில் நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த அம்மா சிங்கப்பூரில்தான் சந்தோஷமாக இருப்பார். புக்கிட், சுவா என்று வரும் இடப்பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் கோயிலுக்குத் தானாகப் போய் வந்துவிடுவார்.

நான் சொன்னது

வீடு கிடைக்கும் பாடு, சான்றிதழ் அலைச்சல் இவற்றை முடிவுக்குள் கொண்டுவரவில்லை, மூன்று மாதத்தில் மறந்துபோகும். ஸ்டுட்கார்ட்டில் பல வாடகை வீடுகளில் சமையலறையே இருக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நாலு சுவர், ஒரு குழாய் முனை. போகிறவர் தன் அலமாரி, அடுப்பு, சிங்க் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவார், அல்லது வருகிறவரிடம் இரண்டாயிரம் யூரோவுக்கு விற்பார். சிங்கப்பூரில் சமையலறை இருக்கும், "லேசான சமையல் மட்டும்" என்று வீட்டுக்காரர் நிபந்தனை போடுவார். கருவாடு வறுப்பது லேசான சமையலில் வராது.

ஊரில் தலைக்கு மேல் கடன், ஐந்து வருடத்தில் அடைத்துவிட்டுத் திரும்பும் திட்டம், மனைவி அங்கே வேலை தேட நினைக்கவில்லை என்றால் துபாய். அடிப்படைச் சம்பளத்தைப் பேசி உயர்த்திக்கொண்டு, பிள்ளையின் படிப்பு அறுபடாமல் ஒரு மார்ச் மாதத்தில் திரும்பலாம். அம்மாவும் தமிழும் முதலில், பதவி மளமளவென்று ஏறும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது என்றால் சிங்கப்பூர். அங்கே தேங்கி நிற்பவருக்கு இடமில்லை.

தங்கை குடும்பத்துக்கு நான் ஸ்டுட்கார்ட் என்றேன். தவணை 31,000 எந்த ஊரிலிருந்தும் அடைபடும். அவள் வேலைக்குப் போகும் வழி சட்டப்படி தடையில்லாமல் திறந்திருப்பது அங்கேதான், மகள் நாலு வயதில் போனால் மொழி அவளுக்குப் பாரமே இல்லை. வேலை போனால் ஃபிரிட்ஜை 150-க்குக் கொடுக்க வேண்டியிருக்காது. ஒரு நிபந்தனை வைத்தேன்: ஆறு மாதம் தள்ளிச் சேர்கிறோம் என்று கேட்டு, இருவரும் இப்போதே நுங்கம்பாக்கம் கோதே இன்ஸ்டிட்யூட்டில் ஏ1 சேர வேண்டும். அது முடியாது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என் ஓட்டு சிங்கப்பூருக்கு. கும்பகோணத்துக்கு வருடம் இரண்டு முறை டிக்கெட் என்று மிச்சத்திலிருந்து முன்கூட்டியே ஒதுக்கச் சொன்னேன், அது பண்டிகைக்கு இல்லை, அவசரத்துக்கு.

மாப்பிள்ளை இன்னும் துபாய் மனிதரிடம் அடிப்படைச் சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறார். தங்கை நேற்று போன் செய்தாள். ஏ1 மாலை வகுப்பில் இடம் கிடைத்துவிட்டதாம். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: கிரைண்டர் அங்கே ஓடுமா? ஓடும், அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும் என்றேன். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டக் கூடாது, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். சனிக்கிழமை காலையில் அரைத்து வைத்துக்கொள்.